நிறுத்திய பின்னும் தணியாத வெப்பம்

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் கொதிகலனுக்குச் செல்லும் நிலக்கரித் தூளை நிறுத்தினால் நெருப்பு அணைந்துவிடும்; தேங்கிய சூடு தணியச் சிறிது நேரம் ஆகும், அவ்வளவுதான். சேலம் மாவட்டத்தார் நன்கறிந்த மின்நிலையம் இதுவே. கூடங்குளத்தில் கட்டப்பட்டுவரும் 3, 4-ஆம் அணு உலைகள் இவ்வாறு அணைபவை அல்ல. அவற்றின் செலவையும் பாதுகாப்பையும் பற்றி எழும் எதிர்ப்புகள் இரண்டுக்கும் வேர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

யுரேனியம் அணுக்கரு பிளவுபடும்போது அயோடின், சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் உருவாகின்றன. கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் பிளவு நொடிகளில் நின்றுவிடும். ஆனால் இத்தனிமங்கள் தொடர்ந்து சிதைந்து வெப்பத்தை வெளியிடுகின்றன. 3,000 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட கூடங்குளம் உலை ஒன்றில், நிறுத்திய கணத்தில் இச்சிதைவு வெப்பம் 6 முதல் 7 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 200 மெகாவாட் இருக்கும். ஒரு நாள் கழித்து அரை விழுக்காடாகக் குறைந்தாலும், மிஞ்சும் 15 மெகாவாட் மணிக்கு 20 டன்னுக்கு மேற்பட்ட நீரை ஆவியாக்கப் போதுமானது. 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தின்போது இயங்கிய உலைகள் முறைப்படி நின்றன. பின்னர் வந்த ஆழிப்பேரலை டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்ததால் குளிரூட்டல் நின்று, மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

இதனால்தான் கூடங்குளத்தில் டீசல் மின்னாக்கிகளுடன், மின்சாரமே இல்லாதபோதும் காற்றோட்டத்தால் வெப்பத்தை அகற்றும் அமைப்பும், எரிபொருள் உருகி உலைக்கலனைத் துளைத்தால் அதை ஏந்திக்கொள்ளும் தாங்கியும் வைக்கப்படுகின்றன. இவை மெய்யான பாதுகாப்புகள். எதிர்ப்பவர்களும் இதை ஒப்புக்கொண்டு பேசுவது நல்லது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எஃகு, கான்கிரீட், சோதனை, ஒப்புதல் எனப் பணமும் காலமும் தேவைப்படுகின்றன. கடன் வாங்கித் தறிக்கூடம் கட்டுபவர், தறி ஓடாத மாதங்களுக்கும் வட்டி கட்டியாக வேண்டும் என்பதை அறிவார். 8 விழுக்காடு கூட்டுவட்டியில் வாங்கிய தொகை, தொடாமல் விட்டால் ஒன்பது ஆண்டுகளில் இரட்டிப்பாகிறது. கூடங்குளத்தின் முதல் இரு உலைகளுக்கு 13,171 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு 17,270 கோடியாக உயர்ந்தது. 2011-இல் கூடங்குளத்தை அடுத்த மீனவ ஊரான இடிந்தகரையில் வலுத்த போராட்டமும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றாலும், முதல் உலை 2007-இலேயே முடிந்திருக்க வேண்டியது என்பதை மறந்துவிட்டுப் பழி முழுவதையும் மீனவர்கள்மேல் சுமத்துவது நேர்மையாகாது.

உலையிலிருந்து வெளியே எடுத்த எரிபொருளும் இவ்வாறே சூடாக இருப்பதால், அதைப் பல ஆண்டுகள் நீர்க்குளத்தில் குளிரூட்ட வேண்டியுள்ளது. 2013-இல் கூடங்குளம் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உலைக்கு அப்பால் தனிச் சேமிப்பகம் அமைக்கக் கூறியது. 2018-இல் அதற்கான கெடு நீட்டிக்கப்பட்டது. புதிய உலைகள் முடிவதற்குள், அவற்றின் எரிபொருள் எங்கே, எத்தனை ஆண்டுகள் வைக்கப்படும், அச்செலவில் எவ்வளவு மின்கட்டணத்தில் சேரும் என்ற கணக்கை இடிந்தகரை மக்களுக்கும், அந்த மின்சாரத்தை வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் அணுமின் கழகம் தமிழில் வெளியிட வேண்டும்.