மைக்கோபயோம்: குடலில் இருப்பது காளான் அல்ல

"குடல் காளான்களும் உடல்நலமும்" என்று மறுபடியும் ஒரு தலைப்பு வந்துவிட்டது. ஓர் இடத்தில் வாழும் பூஞ்சைகளின் மொத்தத்தைக் குறிக்கும் மைக்கோபயோம் என்ற சொல் ஆங்கிலக் கட்டுரையில் எங்கே தென்பட்டாலும் தமிழுக்கு வரும்போது அது காளானாகிவிடுகிறது. காளானைத் தவிர்க்க நினைப்பவர்கள் "குடல் பூஞ்சைத் தொற்று" என்று எழுதுகிறார்கள். முதலாவது குடலில் இல்லாத ஓர் உருவத்தைக் காட்டுகிறது. இரண்டாவது இல்லாத நோயைக் கொடுக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு "குடல் பூஞ்சைத்தொகுதி" என்று எழுத வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதும் இல்லை. கிரேக்கத்தில் 'மைக்கீஸ்' என்றால் காளான், 'பயோஸ்' என்றால் உயிர்வாழ்வு. 'பயோம்' என்பதை அமெரிக்கச் சூழலியலாளர் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் ஒரு நிலப்பரப்பில் சேர்ந்து வாழும் செடிகொடி, விலங்குகளின் மொத்தத்துக்குப் பெயராகப் பயன்படுத்தினார். நுண்ணுயிர்களுக்கு அது நீண்டபோது மைக்ரோபயோம் ஆனது. அதிலிருந்து பூஞ்சைகளை மட்டும் தனியே பிரித்துப் பேச மைக்கோபயோம் வந்தது. உடல்நலத்தோடு இருந்த 20 பேரின் வாயில் வாழும் பூஞ்சைகளைப் பட்டியலிட்டுப் பூஞ்சையியலாளர் மஹ்மூத் கன்னூம் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு சொல் பரவலாயிற்று.

பொருளைத்தான் சரியாகப் பிடிக்க வேண்டும். மைக்கோபயோம் என்பது தனி ஒரு பூஞ்சையின் பெயர் அல்ல, நோயின் பெயரும் அல்ல. ஓர் இடத்தில் வாழும் பூஞ்சைகள் எல்லாம், அவற்றின் மரபணுக்கள், அவை வாழும் சூழல் ஆகியவற்றைச் சேர்த்துக் குறிக்கும் கூட்டுப்பெயர். வெறும் பூஞ்சைகளை மட்டும் சொல்ல மைக்கோபயோட்டா என்று இன்னொரு சொல் இருக்கிறது. தமிழில் இந்த இரண்டாவதற்குத் தனிக் கலைச்சொல் தேவையே இல்லை. "குடல் பூஞ்சைகள்" என்று பன்மையில் எழுதினால் போதும்.

காளானுக்கு வருவோம். காளான் என்பது பூஞ்சையின் முழு உடல் அல்ல. சில வகைப் பூஞ்சைகள் வித்துகளைப் பரப்புவதற்காக வெளியே நீட்டும் உறுப்பு அது. தண்டு, குடை, குடைக்கு அடியில் செவுள் போன்ற மடிப்புகள் என்று கண்ணுக்குத் தெரியும் பொருள். பூஞ்சையின் உடல் மண்ணுக்குள்ளோ மரக்கட்டைக்குள்ளோ நூலாகப் படர்ந்து கிடக்கும். மனிதக் குடலில் இருப்பவை எவை? அமெரிக்காவின் மனித நுண்ணுயிர்த்தொகுதித் திட்டத்தில் திரட்டிய மல மாதிரிகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வில் மூன்று பேரினங்களே மேலோங்கி நின்றன: சாக்கரோமைசிஸ், மலசீசியா, கேண்டிடா. முதலாவது ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட். இரண்டாவது பொடுகோடு தொடர்புடைய, தோலின் எண்ணெயைத் தின்று வாழும் ஈஸ்ட். மூன்றாவது வாயில் வெண்படலம் உண்டாக்கும் ஈஸ்ட். மூன்றும் நுண்ணோக்கி இல்லாமல் தெரியாதவை. அவற்றில் எதுவும் எந்தக் காலத்திலும் குடை விரிக்காது.

காளான் என்ற சொல்லை ஆதரிப்பவர்கள் மூன்று காரணம் சொல்வதுண்டு. கிரேக்க மூலமே காளானைத்தானே குறிக்கிறது என்பது முதல் காரணம். வேர்ச்சொல்லின் பொருளை அப்படியே பெயர்த்தால் கலைச்சொல் ஆகிவிடாது. மைக்காலஜி என்ற துறையை நாம் "காளானியல்" என்று எழுதுவதில்லை, "பூஞ்சையியல்" என்றே எழுதுகிறோம். துறைக்குப் பூஞ்சை, அந்தத் துறை ஆராயும் பொருளுக்குக் காளான் என்றால் வாசகர் இரண்டையும் எப்படி இணைப்பார்?

காளான் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பது இரண்டாவது. தெரிந்த சொல் என்பதால்தான் கேடு. "குடல் காளான் அதிகமானால் அழற்சி" என்று படிப்பவர் முதலில் செய்வது சமையலில் மொட்டுக் காளானையும் சிப்பிக் காளானையும் நிறுத்துவது. அவற்றைத் தின்பதால் குடலில் கேண்டிடா பெருகுவதில்லை. குடலில் கேண்டிடா பெருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் பாக்டீரியாக் கொல்லி மருந்துகள். போட்டிக்கு இருந்த பாக்டீரியாக்கள் மருந்தில் அழிந்தால், மருந்து தொடாத ஈஸ்ட் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த நடைமுறைச் செய்தி வாசகரைச் சென்று சேர வேண்டும். "காளான்" என்ற ஒரே சொல் அவரைத் தட்டிலிருக்கும் உணவின் பக்கம் திருப்பிவிடுகிறது.

மூன்றாவது காரணம் கொஞ்சம் கனமானது: பழந்தமிழில் இந்தப் பிரிவே இல்லையே என்கிறார்கள். உண்மைதான். சமைக்க மறந்த அடுப்பில் "ஆம்பி பூப்ப" என்று புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் வறுமையைப் பாடுகிறார். ஆம்பி காளான்தான், அது அங்கே பூக்கவும் செய்கிறது. ஆனால் இன்றைய வழக்கில் வினைகள் பிரிந்துவிட்டன. காளான் முளைக்கும். பூஞ்சை பூக்கும், பிடிக்கும், படரும். ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்து "பூஞ்சை பூத்துப்போச்சு" என்பார்களே தவிர "காளான் முளைத்துவிட்டது" என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. பேச்சுவழக்கு இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதை மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடி ஒன்றாகக் குழப்புவது எந்த வகையில் நியாயம்?

அடுத்தது "தொற்று". 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு மியூகார்மைகோசிஸ் பரவி, "கருப்புப் பூஞ்சை" என்று நாளிதழ்கள் தினமும் எழுதின. அன்றிலிருந்து பூஞ்சை என்றாலே தொற்று என்று கை தானாக எழுதிவிடுகிறது. தொற்று என்றால் நுண்ணுயிர் திசுவுக்குள் புகுந்து கேடு செய்வது. குடலின் உட்பரப்பில் தங்கி வாழ்வது குடியிருப்பு. கேண்டிடா ஆல்பிகன்ஸ் உடல்நலத்தோடு இருக்கும் மனிதர்களின் வாயிலும் குடலிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. அதே கேண்டிடா நூலிழை வடிவத்துக்கு மாறி, செல்களைத் துளைக்கும் கேண்டிடாலைசின் என்ற நஞ்சைச் சுரந்து, திசுவுக்குள் புகும்போதுதான் அது தொற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைக் கிருமிகளின் முன்னுரிமைப் பட்டியலில் மிக ஆபத்தான பிரிவில் இதன் பெயர் இருப்பது இரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் அது புகும் நிலைமைகளுக்காக. மலத்தில் இருக்கிறது என்பதற்காக அல்ல.

இந்த வேறுபாடு தமிழில் அழிந்தால் என்ன ஆகும்? மலப் பரிசோதனை அறிக்கையில் "ஈஸ்ட் செல்கள் காணப்படுகின்றன" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொற்று என்று படித்தவர் நேரே மருந்துக்கடைக்குப் போய் ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை 150 மில்லிகிராம் கேட்கிறார். அந்த மாத்திரை கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும். இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு அது அளவுக்கு மேல் குறைந்து இரத்தக்கசிவு ஏற்படலாம். கிளிமிபிரைடு எடுக்கும் நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். நோய் எதிர்ப்பாற்றல் சரியாக உள்ளவருக்கு, வேறு அறிகுறி எதுவும் இல்லாதபோது, மலத்தில் ஈஸ்ட் தெரிவதற்கு மருந்து வேண்டியதில்லை. "கேண்டிடா மிகைப்பு" என்று சொல்லி சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அடியோடு நிறுத்தச் சொல்லும் உணவுத் திட்டங்களுக்கும் உறுதியான சான்று கிடையாது.

மறுபக்கமும் உண்டு. வயிற்றுப்போக்குக்கு மருத்துவர் எழுதித்தரும் சாக்கரோமைசிஸ் போலார்டி 250 மில்லிகிராம் பொதியுறை உயிருள்ள ஈஸ்ட். பாக்டீரியாக் கொல்லி மருந்து இதைக் கொல்லாது என்பதால், பாக்டீரியா வகை நலநுண்ணுயிர்களுக்கு (புரோபயாட்டிக்) விடுவதுபோல் இரண்டு மணிநேர இடைவெளி இதற்குத் தேவைப்படாது. கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாலிலோ நீரிலோ கலந்தால் செத்துவிடும். ஃபுளுகோனசோலோடு சேர்த்துக் கொடுத்தாலும் பயனில்லை. கழுத்திலோ மார்பிலோ பெரிய இரத்தக்குழாய்க்குள் செருகும் மையச் சிரைக் குழாய் பொருத்திய நோயாளிக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அவர் படுக்கையருகே பொதியுறையைப் பிரித்தால்கூடத் துகள் பறந்து கையிலும் குழாயிலும் ஒட்டி, ஈஸ்ட் இரத்தத்தில் கலந்துவிடலாம். ஒரே உயிர் ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் ஆபத்து. இதையெல்லாம் "தொற்று" என்ற ஒற்றைச் சொல்லால் எப்படி விளக்குவது?

இந்த இரட்டைத்தன்மை தமிழ் உழவர்களுக்குப் புதிதல்ல. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்கிறவருக்கு அது நன்மை செய்யும் பூஞ்சாணம் என்று தெரியும். வேரழுகலை உண்டாக்குவதும் பூஞ்சாணம்தான் என்றும் தெரியும். வேளாண் தமிழ் பூஞ்சாணம், பூசணம் என்ற சொற்களை நன்மை தீமை இரண்டுக்கும் பொதுவாகவே வைத்திருக்கிறது. மருத்துவத் தமிழ்தான் பூஞ்சை என்ற சொல்லை அச்சத்தோடு ஒட்டவைத்துவிட்டது.

பூஞ்சை, பூசணம், பூஞ்சாணம் மூன்றில் எது என்று சிலர் கேட்பார்கள். "பூஞ்சை உடம்பு" என்றால் வலுவில்லாத உடம்பு என்று பொருள் வருவதால் பூஞ்சை வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. அந்தப் பொருள் எப்போதும் அடைமொழியாக நின்றுதான் வரும், இங்கே குழப்பத்துக்கு வழியில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பூஞ்சை நிலைத்துவிட்டது, பூஞ்சையியல் என்ற துறைப்பெயரும் அதிலிருந்து வந்ததே. ஆகவே பூஞ்சை. இலங்கைப் பாடநூல்கள் பங்கசு என்று எழுதுகின்றன. அங்குள்ள வாசகருக்கு எழுதும்போது "பங்கசுத்தொகுதி" என்பதில் தவறொன்றும் இல்லை. ஈஸ்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் 'மதுவம்' நாமும் எடுத்துக்கொள்ளத்தக்க அழகான சொல்.

இனி பின்னொட்டு. மைக்ரோபயோமுக்குச் சிலர் எழுதும் நுண்ணுயிரியம் என்ற வடிவத்தைப் பார்த்து "பூஞ்சையியம்" என்று ஆக்க முயல்கிறார்கள். தமிழில் '-இயம்' என்றால் இன்று கொள்கை: பெண்ணியம், மார்க்சியம், பெரியாரியம். ஒலிபெயர்த்த தனிமப் பெயர்களான சோடியம், ஹீலியம் எல்லாம் அதே ஒலியில் முடிகின்றன. பூஞ்சையியம் என்று கேட்பவர் ஒரு கோட்பாடென்றோ ஒரு வேதிப்பொருளென்றோதான் நினைப்பார். பூஞ்சையியல், பூஞ்சையியம் என்று ஒரே எழுத்து மாறி நிற்கும் இரட்டையர் அச்சில் எத்தனை முறை இடம் மாறுவார்கள் என்பதையும் எண்ணிப்பாருங்கள். பள்ளிப் புவியியல் பாடத்தில் பயோமுக்குப் "பல்லுயிர்த்தொகுதி" ஏற்கெனவே இருக்கிறது. அதன் வழியே நுண்ணுயிர்த்தொகுதி, பூஞ்சைத்தொகுதி, வைரசுத்தொகுதி என்று ஒரே அச்சில் வரிசை கிடைக்கிறது. தொகுதி என்றால் தேர்தல் நினைவுக்கு வருகிறதே என்பது சொத்தை வாதம். செரிமானத் தொகுதி என்று படிக்கும்போது யாருக்கும் வாக்குச்சாவடி நினைவுக்கு வருவதில்லை.

தொகுதி என்ற சொல்லுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. அது அளவைச் சொல்லாமல் கூட்டத்தைச் சொல்கிறது. குடல் நுண்ணுயிர் மரபணுக்களில் பூஞ்சைகளின் பங்கு ஏறத்தாழ 0.1 விழுக்காடு அல்லது அதற்கும் கீழ். ஆனால் ஓர் ஈஸ்ட் செல்லின் கன அளவு ஒரு பாக்டீரியாவைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல், அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒதுக்க முடியாது. பாக்டீரியாக்களை எண்ணப் பயன்படும் 16எஸ் மரபணு முறையில் பூஞ்சை தெரியாது. அதற்கு ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைப் படிக்க வேண்டும், 2012இல் பூஞ்சைகளுக்கான முறையான அடையாளக் குறியீடாக ஏற்கப்பட்டது அதுவே. கைட்டினும் குளுக்கானும் சேர்ந்த பூஞ்சைச் செல்சுவர் கெட்டியானது. நுண்மணிகளோடு குலுக்கி உடைக்காமல் டி.என்.ஏ. எடுத்தால் கணக்கு குறைவாக வரும். மாறாக, காலையில் தின்ற ரொட்டியின் ஈஸ்டும் மலத்தில் எண்ணப்பட்டுவிடும். 2018இல் வந்த ஓர் ஆய்வில் ரொட்டி ஈஸ்ட் இல்லாத உணவுக்கு மாறியதும் மலத்தில் அது காணாமல்போனது, பல் துலக்குவதைக் கூட்டியதும் கேண்டிடா குறைந்தது. ஆகவே "காணப்பட்டது" என்பதை "வளர்கிறது" என்று பெயர்ப்பது பெரும்பிழை.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் உள்ள பெரிய குறையும் இந்த இடத்தில்தான். குடல் நுண்ணுயிர்களைக் குறிக்கும் "ஃப்ளோரா" என்ற சொல்லைப் பார்த்ததும் "குடல் தாவரங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 1969இலேயே அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் பூஞ்சைகளைத் தாவரங்களிலிருந்து தனி உலகமாகப் பிரித்துவிட்டார். மரபுவழியில் அவை செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கம். "தொடர்பு" என்று இருப்பதைக் "காரணம்" என்று மாற்றுவது இன்னும் மோசம். கணையப் புற்றுக் கட்டியில் மலசீசியா மிகுந்திருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. எலிகளில் பூஞ்சைக்கொல்லி கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. 2023இல் இன்னொரு குழு அதே தரவுகளை மறுபடி அலசி, அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை என்று அதே இதழில் எழுதியது. குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன் நோயில் நிலைமை கொஞ்சம் உறுதியானது: ஈஸ்டுக்கு எதிரான ஆஸ்கா எதிர்ப்பொருள் பல நோயாளிகளின் இரத்தத்தில் இருக்கிறது, மருத்துவர்கள் அந்தப் பரிசோதனையைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். அங்கேயும் ஈஸ்ட்தான் நோயை உண்டாக்கியது என்று எழுதச் சான்று இல்லை. "குரோன் நோயாளிகளின் குடல் பூஞ்சைத்தொகுதி மாறியிருக்கிறது" என்று எழுதலாம். "குடல் காளானால் குரோன் நோய்" என்று எழுதக் கூடாது.