ஃப்ரீ ஏஜென்ட்னா "இலவச முகவர்" இல்லீங்க

பேஸ்பால் சீசன் முடிஞ்சதும் எந்த ஹோம் ரன் ஆட்டக்காரர் எந்த டீமுக்குப் போவார்னு பேச்சு கிளம்பும், கூடவே, பழைய டீமோட கட்டு முடிஞ்சு எந்த டீமோட வேணா ஒப்பந்தம் போடக்கூடிய வீரரான "ஃப்ரீ ஏஜென்ட்"டுக்குத் தமிழ்ல "இலவச முகவர்"ங்கிற சொல்லும் வந்து நிக்கும். ஹுவான் சோட்டோங்கிற வீரர் 2024 டிசம்பர்ல நியூயார்க் மெட்ஸ் டீமோட 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாரு. அவரைப் போய் இலவசம்னு எழுத எப்படி மனசு வருது?

ஏஜென்ட்ங்கிறதோட வேர் லத்தீன், "செய்" "நடத்து"ன்னு பொருள். அதாவது செய்பவர், நம்ம இலக்கணத்துல வினைமுதல்னு சொல்றோமே அது. அடுத்தவருக்காக வேலை பாக்கற முகவர்ங்கிறது அதுலேருந்து பிரிஞ்ச ஒரு பொருள்தான். ஃப்ரீ ஏஜென்ட்னா தன் முடிவைத் தானே எடுக்கறவர்.

"சரி, சுதந்திர முகவர்னு வச்சுக்கலாமே"ன்னு சிலர் சொல்றாங்க. அதுவும் தப்புதான். சோட்டோவுக்காக டீம்கள்கிட்ட பேரம் பேசினவர் ஸ்காட் போராஸ், முகவர்ங்கிற சொல் அவருக்குத்தான் பொருந்தும். "சுதந்திர முகவர் சோட்டோவின் முகவர் போராஸ்"னு ஒரு வரி எழுதிப் பாருங்க, யாருக்கு யார் வேலை பாக்கறாங்கன்னே புரியாது. அகராதியில ஃப்ரீக்கு ஒண்ணு ஏஜென்ட்டுக்கு ஒண்ணுன்னு எடுத்து ஒட்டினா இப்படித்தான் ஆகும், மொழிபெயர்க்கறவங்க அந்த ஆட்டத்தை ஒரு தடவையாவது பாத்துட்டு எழுதலாம்.

"ஒப்பந்தம் முடிந்த வீரர்"னு சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்ல ஆறு வருஷ சர்வீஸ் முடியற வரைக்கும் வருஷ ஒப்பந்தம் முடிஞ்சாலும் வீரர் மேல உரிமை டீமுக்குத்தான், அவரா வேற டீமுக்குப் போக முடியாது, அப்ப ஒப்பந்தம் முடிஞ்சவர் எல்லாரும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிடறது இல்ல. முந்தி நிலைமை இன்னும் மோசம். ரிசர்வ் க்ளாஸ்னு ஒரு விதி, அதை வச்சு ஒரு வீரரைக் காலம் பூரா கட்டி வைக்கலாம். 1969ல செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீம் தன்னை ஃபிலடெல்ஃபியா டீமுக்கு மாத்தினப்ப கர்ட் ஃப்ளட்ங்கிற வீரர் போக மாட்டேன்னு வழக்குப் போட்டாரு, 1972ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல தோத்தாரு. 1975 டிசம்பர்ல, ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலிங்கிற ரெண்டு வீரர்களையும் இனி எந்த டீமும் பிடிச்சு வைக்க முடியாதுன்னு பீட்டர் சைட்ஸ் தீர்ப்பு சொன்னாரு, இவர் ஆட்டத்து நடுவர் இல்ல, வீரர்-டீம் தகராறைத் தீர்த்து வைக்கற நடுவர். அங்கதான் கட்டு அறுந்துச்சு.

அதனால என் சொல் "கட்டற்ற வீரர்". ஃப்ரீ சாஃப்ட்வேரைக் கட்டற்ற மென்பொருள்னு ஏற்கெனவே அழகா சொல்லிட்டு இருக்கோம், அங்கயும் இலவசம் வேற கட்டின்மை வேறன்னு பிரிச்சுக் காட்டத்தான் அந்தச் சொல்லே வந்துச்சு. பேசும்போது ஃப்ரீ ஏஜென்ட்னே சொல்லுங்க, அதுல தப்பில்ல, இலவச முகவருக்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொண்ணு, கட்டற்ற வீரர் ஒரு டீம்ல சேர்ந்தா "ஏலத்தில் எடுக்கப்பட்டார்"னு எழுதறதையும் நிறுத்தணும். ஐபிஎல் ஏலத்துல அதிக விலை கேட்ட டீமுக்கு வீரர் போயாகணும். 2022ல 62 ஹோம் ரன் அடிச்ச ஆரன் ஜட்ஜை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் விடாம துரத்துச்சு, கலிஃபோர்னியாவுல அவர் பொறந்த ஊர்ப்பக்கத்து டீம் அது, ஆனா அவர் தன்னோட பழைய டீமான நியூயார்க் யாங்கீஸ்லயே 9 வருஷம் இருக்கேன்னு 36 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டாரு. யாரும் அவரை எடுக்கல, அவரேதான் தேர்ந்தெடுத்தாரு.