கொலைகாரன் ஒப்புக்கொண்டான், அப்புறம்?

ஒரு தம்பி தன் முதல் துப்பறியும் நாவலைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். கிரிமினல் வக்கீல் என்பதால் இப்படி அவ்வப்போது கைப்பிரதிகள் என் மேசைக்கு வரும். நடை நன்றாகவே இருந்தது. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் ஓங்கி ஓர் அறை விடுகிறார், கொலைகாரன் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான், முற்றும்.

"எதிரிக்கு நான் ஆஜரானால் இவன் விடுதலைதான் தம்பி" என்றேன். (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் எதிரி என்றுதான் சொல்வோம்.) அவர் முகம் தொங்கிவிட்டது.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அடித்து வாங்கினாலும் சரி, டீ வாங்கிக் கொடுத்து வாங்கினாலும் சரி. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-ம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23. ஒரே ஒரு சந்து உண்டு. காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் புதிதாக ஒரு விஷயம் தெரியவந்தால், அதோடு நேரடியாக ஒட்டிய பேச்சு மட்டும் செல்லும். புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரர் காலத்தில் நமக்குக் கடைசி அப்பீல் அங்கேதான்) விளக்கியதை, குற்றக்கதை எழுத வருகிற எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். "என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்பது செல்லும். "அதால்தான் அவனைக் குத்தினேன்" என்பது செல்லாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாலும் பாதிதான் கோர்ட்டுக்குள் வரும்.

அந்தப் பாதியை நிரூபிக்கவே போலீஸ் படும் பாடுதான் கதை. கத்தியை எடுத்தபோது மகஜரில், அதாவது கைப்பற்றியதை எழுதிவைக்கும் தாளில், சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார்? கிராமங்களில் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் தலையாரியும். "ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்" என்று குறுக்கு விசாரணையில் தலையாரி சொல்லிவிட்டால்? கத்தி இருக்கும் இடம் போலீஸுக்கு முந்தின நாளே தெரிந்திருந்தால்? இந்த இரண்டு கேள்வியே நூறு பக்கம் தாங்கும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. நம் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 103. ஆனால் உங்கள் கதையில் கொலை 2019-ல் நடந்திருந்தால், வழக்கு இன்று நடந்தாலும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302தான்.

ஒரு நாள் செஷன்ஸ் கோர்ட்டில் போய் உட்காருங்கள். செல்போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் இருந்தால் பொதுவாக யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சாட்சி அழுதுகொண்டே பத்து நிமிடம் சொன்னதை நீதிபதி இரண்டே வரியாகச் சொல்ல, தட்டச்சர் அடிப்பார். எந்த வார்த்தை விட்டுப்போனது என்று கவனியுங்கள்.

அந்தத் தம்பி இன்ஸ்பெக்டர் அறைவதை மூன்றாம் அத்தியாயத்துக்கு நகர்த்திவிட்டாராம். இப்போது கதையே தலையாரியைச் சுற்றித்தான். கையெழுத்தை எங்கே வைத்துப் போட்டார் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார்.