ஊதிக் காட்டுங்கள், பால் செரித்ததா என்று சொல்கிறேன்

அமெரிக்கப் பூர்வகுடிகளில் பெரியவர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாதாமே, உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலோருக்கு உண்மைதான். ஆனால் அது நோய் அல்ல.

பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி அதை இரண்டாக வெட்டினால்தான் ரத்தத்தில் சேரும். தாய்ப்பாலை மறந்தபின் இந்த நொதி குறைந்துபோவதுதான் பாலூட்டிகளின் வழக்கம். தலைமுறை தலைமுறையாகக் கறந்து குடித்த வட ஐரோப்பியர், கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்கள் போன்ற சிலரிடம் மட்டும் மரபணு மாற்றங்கள் பரவி, நொதிச் சுரப்பு கடைசிவரை நீடிக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக்கோ 1493இல் கொலம்பஸின் கப்பல்களில்தான் மாடு வந்தது. 1970களில் அரிசோனாவின் பீமா என்ற பூர்வகுடி மக்களைச் சோதித்தபோது, பள்ளி வயதுப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோருக்கு லாக்டோஸ் செரிக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி இருக்கிறதே, எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். மூச்சை ஊதினால் போதும்!

வெட்டுப்படாத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், வயிற்றுப்போக்கு அதனால்தான். பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனை வெளியிடும். வயிறு உப்பும். அந்த வாயுவில் கொஞ்சம் குடல் சுவரைக் கடந்து, ரத்தத்தில் கரைந்து, நுரையீரல் வழியாக வெளியேறும். நம் உடலின் செல் எதுவும் ஹைட்ரஜன் வாயுவைத் தயாரிப்பதில்லை. ஆகவே மூச்சில் அது வந்தால் குடல் நுண்ணுயிர்களின் கைவரிசை என்று அடித்துச் சொல்லலாம். வெறும் வயிற்றில் ஒருமுறை ஊத வேண்டும். அப்புறம் லாக்டோஸ் கரைசலைக் குடித்துவிட்டு, சில மணி நேரத்துக்கு அவ்வப்போது ஊத வேண்டும். ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் செரிக்கவில்லை என்று அர்த்தம். ஊசி குத்த வேண்டியதில்லை.

சிலர் குடலில் வேறு நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனையும் தின்று மீத்தேன் ஆக்கிவிடும். அதனால் மீத்தேனையும் சேர்த்தே அளக்கிறார்கள்.

செரிக்காதவர்களிலும் பலர் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் பாலைச் சமாளித்துவிடுவார்கள். தயிர் இன்னும் எளிது, அதிலுள்ள பாக்டீரியாக்களே நொதியையும் கொண்டுவருகின்றன. பால்பவுடர்தான் வம்பு: கொழுப்பு நீக்கியதென்றால் எடையில் ஏறக்குறைய பாதி லாக்டோஸ். அமெரிக்க அரசு பூர்வகுடிகளின் ஒதுக்கிடங்களுக்குப் பல ஆண்டுகள் இலவசமாக அனுப்பிய உணவுப் பொருட்களில் பால்பவுடரும் ஒன்று. சாப்பிடப் போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் போட்ட திட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.