சவ்வூடு பரவல்: பரவுவது எது?

ஆஸ்மாசிஸ் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் சொல் சவ்வூடு பரவல். சவ்வு + ஊடு + பரவல் எனப் பிரியும். இலங்கைப் பாடநூல்களில் இதுவே பிரசாரணம்.

பொருள்: கரைப்பானை (நீர் போன்றது) போகவிட்டுக் கரைபொருளை (சர்க்கரை, உப்பு போன்றவை) தடுக்கும் சவ்வின் வழியே, கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குக் கரைப்பான் செல்வது. உயிரணுவில் கரைப்பான் என்றால் நீர்தான். நீர் மூலக்கூறுகள் சவ்வின் இரு திசையிலும் ஓயாமல் போய்வருகின்றன. ஒரு திசையில் போவது கூடுதலானால், அந்தக் கூடுதலுக்குத்தான் இந்தப் பெயர்.

கிரேக்கத்தில் ‘ஓஸ்மோஸ்’ என்றால் தள்ளுதல், உந்துதல். (மணத்தைக் குறிக்கும் ‘ஒஸ்மே’ வேறு சொல். ஆஸ்மியம் என்ற உலோகம் அதிலிருந்து பெயர் பெற்றது. நம் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை.) நிகழ்வு பெயருக்கு முந்தியது. 1748-இல் பிரான்சின் இயற்பியலாளர் நொலே, சாராயம் நிரப்பிய கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி நீரில் அமிழ்த்தினார். நீர் உள்ளே புகுந்து பை புடைத்தது. 1820-களில் பிரெஞ்சு உடலியலாளர் துத்ரோஷே இதற்கு எண்டாஸ்மோஸ், எக்ஸாஸ்மோஸ் என இரு பெயர் வைத்தார்: உள்நோக்கிய உந்தல், வெளிநோக்கிய உந்தல். 1854-இல் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் முன்னொட்டுகளைக் களைந்து ‘ஆஸ்மோஸ்’ என்றார். தமிழில் அந்த இரட்டை இன்னும் உயிரோடிருக்கிறது: உட்சவ்வூடு பரவல், வெளிச்சவ்வூடு பரவல்.

கிரேக்கச் சொல்லில் சவ்வு இல்லை, தமிழ்ச் சொல்லில் உண்டு. இது தமிழுக்கு ஆதாயம். சவ்வு இல்லாவிட்டால் இந்த நிகழ்வே இல்லை. இழப்பு ‘பரவல்’ என்ற பாதியில். பிரசாரணமும் பரப்புதல் என்ற பொருளுடைய வடசொல்லே, ஆகவே அதிலும் இதே குறை. பரவல் என்றதும் மை நீரில் கலப்பதைப் போல, கரைந்திருக்கும் சர்க்கரை பரவுவதாக மனம் நினைத்துக்கொள்கிறது. ‘செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு’ என்று பரவலுக்குப் படித்த விதியை மாணவர் இங்கேயும் எழுதி, திசையைத் தலைகீழாக்குவது அதனால்தான். அந்த விதியில் செறிவு என்பது பரவும் பொருளின் செறிவு. இங்கே பரவுவது நீர். கரைபொருள் மிகுந்த இடத்தில் நீர் குறைவு. எதன் செறிவு என்று சொல்லாமல் ‘செறிவு’ என்று எழுதவே கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிவப்பணு போன்றவற்றில் நீரின் பெரும்பகுதி கொழுப்புப் படலத்தில் கசிந்து போவதில்லை. அக்குவாபோரின் என்ற புரதத் துளைகளில் ஒற்றை வரிசையாக ஓடுகிறது. ஒரு துளையில் நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி மூலக்கூறுகள். 1992-இல் பீட்டர் ஆக்ரே குழுவினர் இதை உறுதிசெய்தனர். 2003-இல் அவருக்கு நோபல் பரிசு. இதைப் பரவல் என்பதைவிட ஓட்டம் என்பதே பொருத்தம்.

துணைச் சொற்களில் எனக்கு மிகவும் உறுத்துவது, பிளாஸ்மாலைசிஸ் என்பதற்கு வழங்கும் ‘பிளாஸ்மா சிதைவு’. அடர்ந்த உப்புக் கரைசலில் இட்ட தாவர உயிரணுவில் எதுவும் சிதைவதில்லை. நீரை இழந்த உயிர்ப்பொருள் சுருங்கிச் செல்சுவரை விட்டு விலகுகிறது. உடனே நீரில் இட்டால் பழையபடி விரிகிறது. சிதைவைக் குறிக்கும் ‘லைசிஸ்’ என்பதை அப்படியே பெயர்த்ததன் விளைவு இது. இலங்கையில் வழங்கும் ‘முதலுருச்சுருக்கம்’ நடப்பதை நடந்தபடி சொல்கிறது. அதையே எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.

உயிரணுவின் அளவை மாற்றாத ஐசோடானிக் கரைசலை ‘ஒத்த செறிவுக் கரைசல்’ என்பதிலும் பொறி இருக்கிறது. 100 மில்லிலிட்டரில் 0.9 கிராம் சோடியம் குளோரைடு உள்ள கரைசலில் சிவப்பணு அளவு மாறாமல் இருக்கும். லிட்டருக்கு 0.154 மோல் உப்பு. அது இரண்டு அயனிகளாகப் பிரிவதால் துகள் கணக்கில் 0.308. இதே துகள் செறிவுக்கு 100 மில்லிலிட்டரில் சுமார் 1.8 கிராம் யூரியா போட்டால் போதும். செறிவு ஒத்ததுதான், ஆனால் சிவப்பணுக்கள் வெடித்துவிடும்! யூரியா சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகிறது, நீர் அதைப் பின்தொடர்கிறது. டானிக் என்பதன் வேரான ‘டோனோஸ்’ விறைப்பைக் குறிக்கும். ‘ஒத்த விறைப்பு’ என்றிருந்தால் குழப்பம் வந்திருக்காது.

செய்து பார்ப்போருக்கு: ஒரே உருளைக்கிழங்கிலிருந்து தோல் நீக்கி, 5 செ.மீ. நீளத் துண்டுகளை ஒரே தடிமனில் வெட்டி எடை போடுங்கள். லிட்டருக்கு 0, 0.1 என்று 0.6 மோல் வரை சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல்களில் கரைசலுக்கு ஒரு துண்டாக இடுங்கள் (0.1 மோல் என்பது 34.2 கிராம்). ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, மேற்பரப்பு ஈரத்தை மட்டும் தாளால் ஒற்றி மீண்டும் எடை பாருங்கள். அழுத்திப் பிழிந்தால் உள்நீரும் போய்விடும், ஒற்றாவிட்டால் எடை ஏறிக்காட்டும். பெரும்பாலான பிழை இந்த இரண்டில்தான். கிராமில் அல்ல, விழுக்காட்டில் மாற்றத்தைக் கணக்கிடுங்கள். எடை மாறாத செறிவே கிழங்குக்குச் சமமானது.

நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. முறைக்குத் தமிழில் எதிர்ச் சவ்வூடு பரவல் என்று பெயர். இங்கே ‘பரவல்’ முற்றிலும் பொருந்தாது. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது நன்னீர் சவ்வு வழியே அதற்குள் புகாமல் தடுக்கத் தேவையான அழுத்தம், சுமார் 27 பார். ஆலைகள் 55 முதல் 70 பார் வரை அழுத்தித்தான் நன்னீரைப் பிரிக்கின்றன. கிரேக்கச் சொல்லின் ‘தள்ளுதல்’ சொல்லுக்குச் சொல் நடப்பது இங்கேதான், அதுவும் எதிர்த்திசையில்.