கோட் ஸ்விட்சிங்: மொழித்தாவல் வேறு, மொழிக்கலப்பு வேறு

ஆங்கில வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறிப் பேசுவதை மொழியியலார் கோட் ஸ்விட்சிங் என்பார்கள். 1950களில் வழக்குக்கு வந்த கலைச்சொல் இது. ‘கோட்’ என்பதன் வேர், அடிமரத்தைக் குறித்த ‘காவ்டெக்ஸ்’ என்ற லத்தீன் சொல். மரப்பலகையில் எழுதினார்கள், அதனால் ஏட்டுக்கும் பிறகு சட்டத் தொகுப்புக்கும் அதுவே பெயரானது. புதுச்சேரியில் சில குடும்பங்களுக்கு இன்றும் பொருந்துகிற பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பான ‘கோத் சிவில்’ அந்த வழியில் வந்ததுதான். பின்னால் சங்கேதக் குறியீட்டுக்கும் கோட் என்று பெயர் வந்து, கடைசியில் மொழியையே கோட் என்றார்கள். தமிழில் ‘கோடு’ என்றால் மரக்கிளை என்றும் பொருள் உண்டு. அதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம். ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

கோட் ஸ்விட்சிங்கைத் தமிழில் ‘குறிமாற்றம்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. ‘மொழிமாற்றம்’ என்றால் டப்பிங் படம்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில், அதாவது செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள்கொள்ளும் முறைகளில், ஒன்றின் பெயர் ‘மொழிமாற்று’. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியம் வேறு மொழியில் வந்தால் மொழித்தாவல், ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் சேர்ந்தால் மொழிக்கலப்பு என்று பிரித்துக்கொள்வதே நல்லது. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைச் ‘சொல்தா’ என்பது இரண்டிலும் சேராது. பிரெஞ்சே தெரியாதவரும் அதைச் சொல்வார், அது கடன்சொல்.

வகுப்பறைக்கு இந்தப் பிரிவினை முக்கியம். “ரீட் திஸ் பேராகிராஃப். புரியாத வார்த்தைக்குக் கீழ கோடு போடுங்க.” இது தாவல். முதல் வாக்கியம் முழு ஆங்கிலம். பிள்ளையின் காதில் ஆங்கில அமைப்பு விழுகிறது. “பேராவ ரீட் பண்ணிட்டு ஆன்சர அண்டர்லைன் பண்ணுங்க.” இது கலப்பு. ஆங்கிலச் சொல் இதில்தான் அதிகம், ஆனால் இலக்கணம் முழுக்கத் தமிழ். ‘டீச்சர் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணினாங்க’ என்பதில் இறந்தகாலத்தை ‘பண்ணினாங்க’ சுமந்துகொள்கிறது. ‘எக்ஸ்ப்ளெய்ன்ட்’ என்ற வடிவம் காதில் விழவே இல்லை. ‘பேஜ் டென்ல பாரு’ என்றால் ‘ஆன்’ காணாமல் போகிறது. விளைவு தேர்வுத்தாளில் தெரியும்: சொற்பொருள் கேள்விக்கு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, ‘யெஸ்டர்டே டீச்சர் எக்ஸ்ப்ளெய்ன் லெசன்’ என்று எழுதிவைக்கும்.

தமிழே கூடாது என்பதும் சரியல்ல. 2023-24இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியபோது, தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு மற்றப் பாடங்களும் ஆங்கிலமாயின. ‘கிராட்டிட்யூட்’ என்றால் நன்றியுணர்வு என்று ஒரே சொல்லில் சொல்லாமல், ஐந்து நிமிடம் ஆங்கிலத்திலேயே சுற்றிவளைப்பது வீண்.

தாவலிலும் கெடுவது ஒன்று உண்டு: ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் உடனே தமிழ் சொல்வது. பின்னாலேயே தமிழ் வருமென்று தெரிந்தால் யார் ஆங்கிலத்தைக் கவனிப்பார்கள்? ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு 3 முதல் 5 விநாடி பொறுக்க வேண்டும். முகங்களில் தெளிவில்லை என்றால் சைகையோடு இன்னொரு முறை. அதற்கும் விளங்காவிட்டால் தமிழில் ஒரே முறை சொல்லி, அதே வாக்கியத்தை மறுபடி ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ஓபன் யுவர் நோட்புக்’, ‘கம் டு த போர்டு’ போன்ற அன்றாடக் கட்டளைகளுக்கு முதல் சில வாரங்களுக்குப் பிறகு தமிழே தேவைப்படாது.

இலக்கணத்துக்குத் தமிழ் நன்றாகவே கைகொடுக்கும். ‘வந்தான்’, ‘வந்திருக்கிறான்’ இரண்டையும் கரும்பலகையில் எழுதி, எதிரே ‘கேம்’, ‘ஹேஸ் கம்’ என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில்தான் தடுமாற்றம். தமிழில் ‘நேற்று வந்திருக்கிறான்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ வந்தால் ‘ஹேஸ் கம்’ வராது, ‘கேம்’ மட்டுமே வரும். இதை அந்த இடத்திலேயே தமிழில் சொல்லிவிட வேண்டும்.