தட்டிலேயே தீர்மானமாகும் எழுத்து

"கை நடுங்குகிறது, அண்ணா." தூரிகை எழுத்துப் பழக வருகிறவர்கள் முதலில் சொல்லும் குறை இதுதான். நாகர்கோவிலில் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுக்கிறேன். உண்மையாகவே கை நடுக்கம் உள்ளவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களின் தூரிகையை வாங்கிப் பார்த்தால் வண்ணம் அளவுக்கு மீறி ஏறியிருக்கும். இல்லையென்றால் நுனி வறண்டிருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், தனக்குக் கைவாக்கு இல்லை என்று ஒதுங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

வண்ணத்தில் முக்கியதும் எழுதத் தொடங்கக் கூடாது. இனாமல் ஆனாலும் மை ஆனாலும், முடியின் பாதி நீளம் வரை நனைத்து, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். இந்தக் கண்ணாடிதான் நம் தட்டு. முடிக்கற்றையின் உள்ளே வண்ணம் ஊறும். மிகுதி கண்ணாடியிலேயே தங்கிவிடும். தட்டைத் தூரிகையின் விளிம்பு நேராகும், உருண்டைத் தூரிகையின் நுனி ஒன்றுகூடிக் கூராகும். இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போனால், வண்ணத்தை இளக்கச் சேர்க்கும் டர்பன்டைன் மிகுதி. கண்ணாடியைப் பிடித்து இழுத்தால் போதவில்லை. இந்த உணர்வு விரலுக்குப் பழகுவதற்கு முன்னால் சுவரில் கை வைப்பது வீண்.

நம் குமரி மாவட்டத்தில் இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று அடிக்கும்போது ஒரு வரி முடிவதற்குள் நுனி இறுகிவிடும். அடிக்கடி தட்டுக்குத் திரும்ப வேண்டும். மழைக்காலத்தில் காகிதமே ஈரம் குடித்திருப்பதால் மை பரவும். குளச்சலிலோ முட்டத்திலோ படகுக்குப் பெயர் எழுதுகிறவர், பலகையில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்தாவிட்டால், எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் கோடு பிசிறடிக்கும்.

நான் எழுத உட்கார்ந்ததற்கு முதற்காரணம் இந்த நுனிதான். நுனியைக் கூட்டுவதற்குத் தூரிகையை வாயில் வைத்து நாக்கால் திருகும் பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு. அதைப் பார்த்துப் பிள்ளைகளும் செய்கிறார்கள். தயவு செய்து விட்டுவிடுங்கள். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு வண்ணங்களில் ஈயக் குரோமேட் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வந்தது. வீட்டு வண்ணங்களிலும் அலங்கார வண்ணங்களிலும் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் 2016 விதிகள் 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் தொழிற்சாலைப் பயன்பாட்டு வண்ணங்கள் அந்த விதிக்குள் வரவில்லை. படகிலும் இரும்புப் பலகையிலும் எழுதுகிறவர் கையில் எந்த டப்பா இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் 1920களில் கடிகார முகப்புக்கு கதிரியக்கமுள்ள ரேடியம் கலந்த வண்ணம் பூசிய பெண்கள் பலர், மேற்பார்வையாளர்கள் சொன்னபடி தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கித்தான் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். கண்ணாடித் துண்டு செய்யும் வேலைக்கு நாக்கு எதற்கு?

அடுத்தது பிடி. உலோக வளையத்துக்குச் சற்று மேலே, பெருவிரலும் சுட்டுவிரலும் தாங்க, நடுவிரல் அண்டைகொடுக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தூரிகையை மெல்ல உருவினால் கையோடு வந்துவிட வேண்டும். அவ்வளவு தளர்ச்சி போதும். சீன, ஜப்பானிய எழுத்துப் பயிற்சியில் மூன்று நிலை சொல்வார்கள். சிறிய எழுத்துக்கு வலது மணிக்கட்டை இடக்கையின் மேல் வைப்பது ஒன்று. நடுத்தர எழுத்துக்கு முழங்கையை மேசையில் ஊன்றி மணிக்கட்டைத் தூக்குவது இன்னொன்று. பெரிய எழுத்துக்கு முழுக்கையும் அந்தரத்தில் நிற்கும். அடிக்கணக்கில் உயரமான எழுத்தை விரலை மட்டும் அசைத்து எழுத முயல்கிறவர்களுக்கு, தோளை அசைக்கச் சொன்ன அந்த மாலையிலேயே கோடு நேராவதைப் பார்த்திருக்கிறேன்.

இனித்தான் தமிழுக்கே உரிய சிக்கல். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்கானவை. கீழே வரும் கோட்டை அழுத்து, மேலே போகும் கோட்டைத் தளர்த்து என்பது அவற்றின் முதல் விதி. அதை அப்படியே 'ப'வுக்குப் போட்டுப் பாருங்கள். இடக்கால் பெருத்திருக்கும், ஒரே இழுப்பில் மேலேறும் வலக்கால் சூம்பிப்போயிருக்கும். 'ய', 'வ' என்று வலப்பக்கம் மேலேறி முடிகிற எழுத்துக்கெல்லாம் இதே கதி. போர்டு எழுதுகிறவர்கள் வலக்காலை மேலிருந்து தனிக்கோடாக இறக்கி அடிக்கோட்டில் சேர்த்துவிடுவோம். சேருமிடம் தெரியாமல் இருப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது: தூரிகை கீழே நெருங்கும்போதே அழுத்தத்தைத் தளர்த்தி, வண்ணம் காய்வதற்குள் தொட்டு விட வேண்டும்.

ஆங்கிலத்துக்குப் பயன்படும் உரோமானிய எழுத்துக்குத் தடிப்பும் மெலிவும் எப்படி வந்தன என்பதை ஆராய்ந்த அமெரிக்கப் பாதிரியார் எட்வர்ட் கேட்டிச், ரோம் நகரில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் எழுத்துகள் முதலில் தட்டைத் தூரிகையால் எழுதப்பட்டு, அதன்பின் உளியால் வெட்டப்பட்டவை என்று வாதாடினார். இளமையில் சிகாகோவில் போர்டு எழுதியவர் அவர். நம் தொழில்காரர் கண் அப்படித்தான் போகும். நமக்கு அந்த வரலாறு இல்லை. ஓலையில் எழுத்தாணி கீறுவது ஒரே தடிப்புள்ள கோடு. சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் (தமிழின் பழைய எழுத்து வடிவம்) கல்வெட்டைப் பார்த்தாலும் அதே சீரான கோடுதான். ஆகவே தமிழில் எங்கே அழுத்துவது என்பதை எழுதுகிறவரே முடிவு செய்யலாம். முடிவு செய்தபின் பலகை முழுவதும் அதில் மாறக் கூடாது.

சுழி வேறு வித்தை. மூன்றுசுழி 'ண'வை எழுதும்போது தூரிகையைப் பிடித்த பிடியிலேயே வளைத்தால் முடி முறுக்கிக்கொண்டு விரியும், சுழியின் கண் அடைபடும். வளைவு தொடங்குமுன் அழுத்தத்தைக் குறைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் காம்பை உருட்டிக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் நல்ல தூரிகையின் காம்பு உருண்டையாக இருக்கிறது. வண்ணம் தொடாமல் வெறும் தூரிகையால் உள்ளங்கையில் உருட்டிப் பழகுங்கள், மக்களே. முடி எப்போது முறுக்கிக்கொள்கிறது என்பதைத் தோலே சொல்லிவிடும்.

வலியைப் பொறுத்துக்கொண்டு பழகுவது வீரமல்ல. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூரிகை வாங்கும்போது ஒன்று. "கீரி முடி, நூல் பிடித்தாற்போல் எழுதும்" என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். கீரி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் விலங்கு. அந்தத் தூரிகையை விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். இன்றைய செயற்கை இழைத் தூரிகைகள் பழகுவதற்குத் தாராளமாகப் போதும். எழுதி முடித்ததும் கழுவி, நுனியைக் கூட்டிப் படுக்க வையுங்கள். டப்பாவுக்குள் தலைகீழாக நிற்க வைத்தால் மறுநாளே முடி வளைந்துவிடும்.